விதைக்கு முன் பங்கு

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் சாலையில் திருப்பாச்சூர் என்னும் ஊர் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய பழம்பதி. பாசு என்பது மூங்கில். மூங்கிற் புதரினிடையே வெளிப்பட்ட இறைவன் இங்குக் கோயில் கொண்டான் என்று தலபுராணம் கூறும். கோயிலை அறிந்தவர் பலர். இவ்வூரில் ஒரு கோட்டை இருந்தது என்பதை அறிந்தவர் சிலரே. ஐதர் அலியோடு நடந்த போரில், 1781-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சர் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி அக்கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். சில நாட்கள் சென்றபின் அதே மாதம் 27-ஆம் தேதி பொள்ளிலூரில் பெரும் போர் நிகழ்ந்தது. அந்நாட்களில் கூட்டின் படையை ஐதரின் பீரங்கிகளை விட மிகுதியாக வாட்டியது அரிசித் தட்டுப்பாடு. நாடு முழுவதும் பாழாகிக் கிடந்தது, உழுபவன் ஓடிவிட்டான், படைக்குச் சோறு எங்கிருந்து வரும்? வாளெடுத்தவன் கூட ஏர்பிடித்தவனுடைய களத்தை எதிர்பார்த்தே நிற்க வேண்டியிருந்தது.

இந்தச் செய்தியை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் போர் ஆர்வம் அன்று, காய்கறிக் கணக்கு. நகரத்தில் வாழும் இருபது குடும்பங்களும், திருப்பாச்சூர்ப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் சென்ற ஆண்டு ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிட வேண்டும்; பெரியவர் வாரந்தோறும் விளைந்ததைப் பங்கிட்டுக் கொடுப்பார். தரகரும் இல்லை, கோயம்பேட்டு ஏலமும் இல்லை. அக்கூட்டத்தில் ஒருவனாகிய எனக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. முதல் நாளே பெரியவர் என்னைப் பார்த்து ஒரு வினா விடுத்தார்: "ஐயா, கணக்கெல்லாம் அழகாக எழுதுகிறீர்கள். மழை கெடுத்துவிட்டால் அது யார் கணக்கு?"

எனக்கு அப்போது விடை தெரியவில்லை. ஆனால் இந்த வினா இந்த மண்ணுக்குப் புதியதன்று என்பது பின்னர்த் தெரிந்தது.

செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபு 1763-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜாகீராக அளித்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் அதில் அடங்கும். தமக்குக் கிடைத்தது எவ்வளவு என்று அறியக் கம்பெனியார் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் வீடுகள், ஏரிகள், நன்செய், புன்செய், மானியங்கள் யாவும் அவ்வளவையில் பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னை ஆவணக் காப்பகத்தில் இருந்த ஆங்கிலக் குறிப்புகளை 1960-களில் பயின்று, அவற்றின் அருமையை எடுத்துக்காட்டியவர் தரம்பால் என்னும் காந்திய அறிஞர்.

அக்கணக்குகளில் என்னைக் கவர்ந்தது விளைச்சலின் அளவு அன்று. விளைச்சல் பிரிந்த விதம். நெல் அறுத்துக் களத்தில் குவித்தவுடன் அது நிலமுடையவன் வீட்டுக்குப் போய்விடவில்லை. தச்சனுக்கும் கொல்லனுக்கும் இவ்வளவு, வண்ணானுக்கும் நாவிதனுக்கும் குயவனுக்கும் இவ்வளவு, தலையாரிக்கும் கணக்கனுக்கும் இவ்வளவு, ஏரி நீரைப் பாய்ச்சிக் கொடுப்பவனுக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு என்று மேரையும் சுதந்திரமும் முன்னரே முறைப்படுத்தப்பட்டிருந்தன. சில பங்குகள் மொத்தக் குவியலிலிருந்தும் சில குடிவாரத்திலிருந்தும் எடுக்கப்பட்டன. ஊருக்கு வெளியே இருந்த மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் புலவர்களுக்கும் கூட அப்படிப் பங்கு போயிற்று. ஏர் செய்து கொடுத்த தச்சன் அன்றைக்கே கூலி கேட்கவில்லை. அவன் கூலி இன்னும் விதையாகாத நெல்லில் இருந்தது. விதைப்பதற்கு முன்பே யார் யார் உண்பவர் என்பது ஊருக்குத் தெரியும்.

பெரியவரின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பங்கு என்பது விகிதம், தொகை அன்று. குவியல் பெருத்தால் எல்லார் பங்கும் பெருக்கும். குவியல் சிறுத்தால் எல்லார் பங்கும் சிறுக்கும். மழையின் கணக்கு குவியலின் கணக்காக இருந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பழமையைப் புகழ்வோர் பெரும்பாலும் இந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எல்லார் பங்கும் சிறுக்கும் என்றேன். ஆனால் பத்துக் கலத்தில் பாதி குறைவதும் பத்து மரக்காலில் பாதி குறைவதும் ஒன்றல்ல. காணியாட்சி உடையவர் மிராசுதாரர். சேற்றில் இறங்கி உழைத்தவர்களோ நிலத்தில் உரிமையற்ற தீண்டாச் சாதியினர், பலர் அடிமை ஆட்கள். அவர்களுக்கும் களத்தில் பங்கு உண்டு. அந்தப் பங்கு மிகச் சிறிது, அதைக் கூட்டிக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. அரசுக்குச் செல்லும் மேல்வாரம் பல ஊர்களில் பாதியை ஒட்டி இருந்தது. அது கூட்டு வாழ்வுதான், சமத்துவம் அன்று.

1780-இல் ஐதரின் படையெடுப்பு இந்த ஏற்பாட்டை உலுக்கிவிட்டது. ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்தன. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் பல ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கதையில் வருபவர் இவர்தான். ஆயினும் கம்பெனியாருக்கு வேண்டியது நெல் அன்று, பணம்; அதுவும் ஆண்டுதோறும் மாறாத பணம். 1802-இல் சீமையைக் கூறு போட்டு நிலையான தொகைக்கு ஏலம் விட்டனர். எடுத்தவர்களிற் பலர் கட்ட முடியாமல் விழுந்தனர். பின்னர் ரயத்துவாரி முறை வந்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் ரொக்கத் தீர்வை விதிக்கப்பட்டது. பயிர் சாவியானால் 'வஜா' கேட்கலாம். கொடுப்பதும் கொடாததும் அதிகாரியின் மனம். மழை பொய்த்தாலும் தொகை நின்றது. விகிதம் போய்த் தொகை வந்த அன்று மழையின் கணக்கு முழுவதும் உழுபவன் தலையில் ஏறியது. அவனைத் தொடர்ந்து கடன்காரனும் வந்தான்.

அந்தக் கடனை எண்ணித்தான் சர் பிரெடரிக் நிக்கல்சன் 1890-களில் ஜெர்மானியக் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து பெரியதோர் அறிக்கை எழுதினார். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில், நம் திருவள்ளூரை அடுத்த திரூரில், சென்னை மாகாணத்தின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அதே 1904-இல், ஏப்ரல் மாதம், சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோருடைய கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியது. ஒன்று விளைவிப்பவர் சங்கம். மற்றொன்று உண்பவர் சங்கம். இரண்டுக்கும் இடையே ஒரு ரயில் பயணந்தான் தூரம். இரண்டும் நன்றாக நடந்தன. ஆனால் ஒன்றின் மழை மற்றொன்றின் கணக்கில் ஏறவில்லை. அந்த இணைப்பு அன்றே நிகழ்ந்திருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அந்த இணைப்பு நெடுங்காலம் கழித்து வேறு நாடுகளில் நிகழ்ந்தது. ஜப்பானில் 1971-இல் தோன்றிய இயற்கை வேளாண்மைச் சங்கம், நகரத்து இல்லத்தரசிகளையும் உழவர்களையும் நேரே இணைத்த 'தெய்கெய்' என்னும் முறையை வளர்த்தது. 1978-இல் அதற்குப் பத்து நெறிகள் வகுத்தனர். பருவத்துக்கு முன் இருவரும் கலந்து பேசியே பயிரிட வேண்டும் என்பது ஒன்று. அவ்வாறு விளைந்ததை உண்பவர்கள் முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அடுத்தது. 1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே வழியில் தொடங்கின. நியூ ஹாம்ப்ஷயர்ப் பண்ணையில் காய்க்கு விலையே இல்லை. ஆண்டுச் செலவைக் கூட்டத்தில் படிப்பார்கள், ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்றதை வாக்களிக்கும், செலவுத் தொகை எட்டும்வரை அது தொடரும். நம் ஊர்க் களத்துப் பங்கை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். வினா ஒன்றாயிருந்தால் விடையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது.

இனி எங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். நெல்லுக்கும் காய்க்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நெல்லை அடித்துக் குவித்தபின் பங்கிடலாம். குதிரில் கொட்டினால் ஆண்டு முழுவதும் இருக்கும். கீரை மறுநாள் வாடும். வெண்டைக்காயை இரண்டு நாள் செடியில் விட்டால் முற்றி நாராகிவிடும். ஆகவே காய்கறிக்குக் களம் அறுவடையில் இல்லை, விதைப்பில் இருக்கிறது. எந்த வாரம் எது பறிபட வேண்டும் என்று முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும்.

இதை நான் அறியாததன் பயன் சென்ற ஆண்டில் தெரிந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை நம்பி, அறுநூறு கத்தரி நாற்றுகளை ஒரே வாரத்தில் நடச் சொன்னவன் நானே. பெரியவர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். எழுதிய கணக்கை மீறக் கூடாதென்று நட்டுவிட்டார். புரட்டாசியில் ஒரே வாரத்தில் அறுபது கிலோ கத்தரிக்காய் வந்தது. வீட்டுக்கு மூன்று கிலோ! குடும்பங்கள் முதல் வாரம் சிரித்தன, மூன்றாம் வாரம் சிரிக்கவில்லை. அடுத்து ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. கத்தரி வேரழுகிற்று, தூவிய கீரை விதை நீரோடு ஓடிற்று. நான்கு கிலோ வரவேண்டிய வாரப் பங்கு ஒன்றரைக் கிலோவாகச் சுருங்கியது. இரண்டு குடும்பத்தார் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை யார் கணக்கு என்பதை நாங்கள் எழுதி வைக்கவே இல்லையே.

இவ்வாண்டுத் திட்டத்தை மழை மாதத்திலிருந்து தொடங்கினோம். இருபது வீட்டுக்கு நான்கு கிலோ வீதம் வாரத்துக்கு எண்பது கிலோ. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 கிராம். மிகையான ஆசை அன்று. கார்த்திகையில் அந்த எண்பது கிலோ எதிலிருந்து வரும்? சேப்பங்கிழங்குக்கு ஐந்து, ஆறு மாதம் வேண்டும். ஆகவே வைகாசியிலேயே மேட்டுப் பாத்தியில் ஊன்றியாயிற்று. சேனை தைக்கு வரும். பூசணி விதைத்த நூறு நாளில் முற்றும். ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் பறித்து, திண்ணையில் அடுக்கி, மழை முடியும் வரை வெட்டி வெட்டிப் பங்கிடலாம். காய்களில் நெல்லின் குணம் உடையது பூசணிதான் என்று பெரியவர் சொன்னார். வேலியோரம் முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கத்தரி 600 அன்று, 150. அதையும் மூன்று தவணையாக, ஒன்றரை மாத இடைவெளியில் நடுகிறோம். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கி ஆறேழு வாரத்தில் ஓயும். முதல் விதைப்பு காய்க்கத் தொடங்கும்போது இரண்டாம் விதைப்பு மண்ணில் இருக்க வேண்டும். சிறுகீரைக்கு நான்கு பாத்தி, வாரம் ஒரு பாத்தி விதைப்பு. நான்காம் பாத்தி விதைத்த அடுத்த வாரம் முதற் பாத்தி பறிப்புக்கு நிற்கும், பறித்த இடத்திலேயே மறுபடி விதை. இது எளிய கணக்கு. மழை மாதத்தில் மட்டும் கீரையை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. வந்தால் ஊதியம் என்று விட்டுவிட்டோம்.

உடன்படிக்கையிலும் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறேன். விளைச்சல் குறைந்தால் எல்லார் பங்கும் ஒரே விகிதத்தில் குறையும் என்பது முதல் வரி. அது பர்னார்டின் ஓலையிலிருந்து கற்றது. களையெடுக்கும் பெண்களின் கூலியும் பெரியவரின் மாத ஊதியமும் முன்பணத்திலிருந்து முதலில் எடுத்து வைக்கப்படும், எந்த மழையிலும் அவை குறையா என்பது இரண்டாம் வரி. அது அந்த ஓலையில் இல்லாதது. இரண்டாவது வரியைப் படித்துக் காட்டியபோது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் தோட்டத்தில் கூடுகின்றன. பணத்தைத் திருப்பிக் கேட்ட இரு வீட்டாருக்கும் அழைப்புச் சொல்லியாயிற்று. ஒரு வீட்டார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பூசணி விதை ஈரத் துணியில் முடிந்து கொட்டகை மூலையில் இருக்கிறது.