படாங் மைதானத்தைச் சூழ்ந்த பலகார மரபு

படாங் மைதானத்தைத் தாயகமாகக் கொண்ட கொழும்பு மலே கிரிக்கெட் கழகம் 1872இல் தொடங்கியது. மறு ஆண்டே, மலாய் வீரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றிய இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டது. சீருடையைக் களைந்த ஒரு சமூகம் கூடிக்கொள்ள, 1786ஆம் ஆண்டின் வேகந்தைப் பள்ளிவாசலோடு இந்தக் கழகமும் துணை நின்றது. 1922இல் அகில இலங்கை மலாயர் சங்கமும் எழுந்தது. ஆடுகளச் சாதனைகளை எழுதப் பலர் உள்ளனர். அயல்வீட்டுத் தமிழன் என்ற உரிமையில், கொம்பனித்தெருவின் மலாய் வீடுகள் பேணிய இனிப்புகளை நான் இங்கே பதிவு செய்கிறேன்.

மலாயரின் முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள். ஜாவாவின் பத்தாவியா நகரில் அப்போது சீனரும் பெருந்தொகையாக வாழ்ந்தனர். அந்த மண்ணில் இரு சமையல்களும் ஒன்றோடொன்று பழகின. ஒட்டரிசி மாவும் சீனியும் சேர்த்து அவிக்கும் நியன் காவோ, சீனப் புத்தாண்டுப் பலகாரம். ஜாவாக்காரர் அதைச் சீனத் தொதல் என்றே சொல்லி வாங்குகிறார்கள்.

நம் தொதலுக்கு அரிசிமா, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால் மூன்றும் போதும். ஆனால் கை ஓயக் கூடாது. தாச்சியின் ஓரத்தில் ஒட்டாமல் கலவை திரண்டு, தேங்காயெண்ணெய் கக்கும்வரை மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். ஒருவர் களைத்தால் அடுத்தவர் அகப்பையை வாங்குவார். தட்டில் கொட்டி அழுத்தி, மிதக்கும் எண்ணெயை வடித்து, ஆறிய பிறகே வெட்டுவார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் இது சொந்தப் பலகாரம்.

அடுத்தது கடற்பாசி. சீனர் பாதாம் சுவை சேர்த்து வெண்கட்டியாக உறைய வைப்பதும், நம் நோன்புக்காலத் தட்டில் இளஞ்சிவப்பாகத் துளும்புவதும் இதே பாசிச் சத்துதான். ஏறக்குறைய 35 பாகை செல்சியஸில் உறையும். உறைந்தபின் 85 பாகைவரை உருகாது. கொழும்பு வெயிலில் ஐஸ்பெட்டி இல்லாத வீட்டிலும் இது நிமிர்ந்து நின்றது அதனால்தான். முழுக்கத் தாவரப் பொருள் என்பதால், நோன்பு வீட்டிலிருந்து வரும் தட்டை விரதகாரரான அயலவரும் தயங்காமல் வாங்கலாம். இலங்கைக் கடலோரப் பாசியே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவ நூல்களில் நோயாளிக்கான உணவாக இடம்பெற்றது.

இன்று கொம்பனித்தெருவை அடுத்த பேரை வாவிக் கரையில் மாடிக் கோபுரங்கள் உயர்ந்துவிட்டன. 2017இல் திறந்த ஷாங்ரி-லா ஹோட்டலில் கண்டோனிய உணவகமே உண்டு. புதிய சீன இனிப்புகளில் பேர்பெற்ற மாம்பழ சவ்வரிசிக் கிண்ணம், 1984இல் லெய் கார்டன் உணவகம் தன் சிங்கப்பூர்க் கிளைக்காக உருவாக்கியது. அதிலும் தேங்காய்ப்பாலும் சவ்வரிசியும்தான் அடித்தளம். நம் பாட்டிமார் அறியாத பண்டம் எதுவும் அதில் இல்லை. புதுமை செய்யத் தேவையானவை நம் அடுக்களையிலும் உள்ளன.

ஆகவே கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் குறித்து வைப்பதுபோல் வட்டிலப்பம், தொதல், கடற்பாசி ஆகியவற்றின் பக்குவங்களையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒழுங்கைகள் மறைந்து குடும்பங்கள் மாடிகளுக்கும் வெளியூர்களுக்கும் பிரிகின்றன. பெரிய தாச்சியைச் சுற்றிப் பத்துக் கைகள் கூடுவது அரிதாகிறது. அந்தக் கைகளை மீண்டும் ஓரிடத்தில் கூட்டக்கூடிய நிறுவனம் இந்தக் கழகமே. ஆண்டுக்கொரு நாளாவது மைதானத்தில் அடுப்பு மூட்டி, இளையோருக்கு அகப்பையைக் கொடுங்கள். தமிழரும் சிங்களவரும் சோனகரும் உதவிக்கு வருவோம்.