இறக்கத்தில் ஒரு சிக்கனம்

மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று பத்ரகாளியம்மன். மற்றொன்று, ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட செம்பழுப்பு நிறச் செம்மறியாடு. அந்த ஊரில் ஓர் இரவு தங்க நேர்ந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் மறக்காது. அது லாரிச் சத்தம். பொட்டனேரி இரும்பாலைக்குப் போகிறவை, மேட்டூர் அனல் நிலையத்துச் சாம்பலை ஏற்றி வருகிறவை, வடக்கே தொப்பூரிலிருந்து பவானிக்கும் ஈரோட்டுக்கும் குறுக்கு வழியாகப் போகிறவை என்று விடிய விடிய ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சாலையோரத்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். லாரிக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் க்ஷேமலாபம் விசாரிப்பதற்கு முன்பே, "வண்டி எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்கிறார்கள். ஒரு லிட்டர் டீஸலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கேள்வி. "மூணே முக்கால்" என்றால் முகம் வாடுகிறது. "நாலேகால்" என்றால் மீசை துடிக்கிறது. லாரித் தொழிலின் செலவில் பெரும் பகுதி டீஸல்தான் என்பதால், அந்த அரைக் கிலோமீட்டரில்தான் பல குடும்பங்களின் லாப நஷ்டம் இருக்கிறது.

பக்கத்தில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற டிரைவரிடம், "மைலேஜ் கூடக் கிடைக்க என்ன வழி, அண்ணா?" என்று கேட்டேன்.

"வழி என்னங்க? எறக்கத்துல நியூட்ரல்ல உட்டுடுவோமுங்க. வண்டி சும்மாவே போகும். டீஸல் மிச்சம்" என்றார் அவர். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்கு என்ற குரு சொல்லிக் குடுத்தது. அவருக்கு அவரோட குரு சொல்லிக் குடுத்திருப்பாரு" என்றார்.

அந்தக் குருவின் குருவைத் தேடிக்கொண்டு போனால் ஒரு சரித்திரமே கிடைக்கிறது.

முதலில் வந்தவை பெட்ரோல் வண்டிகள். டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டதை, தென்னாட்டு மோட்டார் யுகத்தின் தொடக்கம் என்று சொல்லலாம். பெட்ரோல் யந்திரத்தில் கார்புரேட்டர் என்று ஓர் உறுப்பு உண்டு. யந்திரம் மூச்சை உள்ளே இழுக்கும்போது காற்றோடு பெட்ரோலையும் கலந்து அனுப்புவது அதன் வேலை. மலையிலிருந்து இறங்கும்போது டிரைவர் காலை எடுத்துவிட்டாலும், சக்கரங்கள் யந்திரத்தை வேகமாகச் சுழற்றுமல்லவா? அப்போதும் அது மூச்சிழுத்துக்கொண்டேதான் இருக்கும். கூடவே கொஞ்சம் பெட்ரோலும் வீணே போய்க்கொண்டிருக்கும். கியரை விடுவித்து நியூட்ரலில் போட்டால் யந்திரம் மெதுவாகச் சுழலும், செலவும் குறையும். ஆகவே, அந்தக் காலத்து டிரைவர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டது கணக்கின்படி சரி. ஆபத்து அன்றும் இருந்தது. ஆனால் சிக்கனம் என்பது பொய்யல்ல.

பிறகு யுத்தம் வந்தது. 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் ஏற்பட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய பிரிட்டிஷார் ஸிரியம் சுத்திகரிப்பு ஆலையையும் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளையும் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். பர்மா எண்ணெயை நம்பியிருந்த நம் நாட்டில் பெட்ரோல் மருந்துக்கும் அரிதாயிற்று.

அப்போது பிறந்தவைதான் கரி பஸ்ஸும் கரி லாரியும். வண்டியோடு நெட்டையாக ஓர் இரும்பு உலையைப் பொருத்தி, அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, போதிய காற்று விடாமல் அரைகுறையாக எரியச் செய்வார்கள். அதிலிருந்து வரும் கரி வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, யந்திரத்துக்கு அனுப்புவார்கள். சுந்தரம் அய்யங்காரின் கம்பெனியே இத்தகைய வாயு உலையைத் தயாரித்து விற்றது. இது நம் ஊர் விந்தை மட்டுமல்ல. ஸ்வீடன் தேசத்தில் அந்த ஆண்டுகளில் 70,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் விறகிலும் கரியிலும் ஓடின.

கரி பஸ்ஸில் பிரயாணம் செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் கிளீனர் பையன் உலைக்கு எதிரே நின்று காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றுவானாம். நெருப்புப் பற்றி, வாயு ஊறி, யந்திரம் இருமி எழுவதற்குள் அவன் முகம் கரியாகிவிடுமாம். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும். கரி வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஆகையால் பெட்ரோலில் கிடைக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும். எரியக்கூடிய பங்கில் முக்கியமானது கார்பன் மானாக்ஸைடு. நிறமும் மணமும் இல்லாத விஷம் அது. பெட்ரோல் மிச்சமாயிற்று, உண்மைதான். அந்த மிச்சத்துக்கு ஈடு கொடுத்தவை காட்டு மரங்களும் கிளீனர் பையனின் சுவாசப்பையும். ஆனால் வரவு செலவுப் புத்தகத்தில் இரண்டுக்கும் பத்தி கிடையாது.

யுத்தம் முடிந்த பிறகு லாரித் தொழிலைத் தூக்கி நிறுத்தியது டீஸல். ருடால்ஃப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-இல் தம் யந்திரத்தைச் சோதித்துக் காட்டியபோது, எண்ணெயின் வெப்பத்தில் 26 சதவிகிதத்துக்கு மேல் அது வேலையாக மாற்றியது. சாதாரண நீராவி யந்திரம் பத்தில் ஒரு பங்கை வேலையாக மாற்றினாலே பெரிய காரியம் என்றிருந்த காலம் அது. 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்ற டீஸல், இரவோடு இரவாகக் காணாமற் போய்க் கடலில் பிணமாக மிதந்தார். அவர் யந்திரம் லாரியில் ஏறியது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான். நம் நாட்டில் 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனி, பென்ஸ் கம்பெனியின் கூட்டுறவோடு லாரி செய்யத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஊர்கள் லாரி ஊர்களானது இந்த வண்டிகளை நம்பித்தான்.

இங்கேதான் கதையின் திருப்பம் இருக்கிறது. டீஸல் வண்டியில் கார்புரேட்டர் கிடையாது. எண்ணெயை அளந்து கொடுப்பது ஒரு பம்பு. கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் இறங்கும்போது டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பம்பு டீஸலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரங்களே யந்திரத்தைச் சுழற்றும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டாலோ, யந்திரம் அணையாமல் இருப்பதற்காகப் பம்பு மறுபடி டீஸல் கொடுத்தாகவேண்டும். பெரிய லாரி சும்மா நின்று உறுமுவதற்கே மணிக்கு இரண்டு லிட்டர் போலக் குடிக்கும். லேசாகச் சாய்ந்த பாதையில் நியூட்ரலில் விட்டால் வண்டி கொஞ்சதூரம் கூட ஓடும் என்பது மெய். ஆனால் செங்குத்தான கணவாயில் நியூட்ரல் போடுகிறவன் டீஸலை மிச்சம் பிடிப்பதில்லை. செலவழிக்கிறான்!

பெட்ரோல் காலத்துச் சிக்கனம் டீஸல் காலத்தில் சிக்கனமே அல்லாமற் போய்விட்டது. யந்திரம் மாறிவிட்டது. குருவின் உபதேசம் மட்டும் மாறவில்லை.

மேச்சேரிக்கு வடக்கே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. தர்மபுரிப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து சேலத்துச் சமவெளிக்கு நெடுஞ்சாலை வளைந்து வளைந்து இறங்கும் இடம். மூன்று அச்சு லாரி ஒன்று இன்று சட்டப்படி 28.5 டன் வரை இருக்கலாம். நூறு அடிக்கு ஓர் அடி இறக்கம் இருந்தாலே 285 கிலோ விசை அதைப் பின்னாலிருந்து தள்ளும். நூறு அடிக்கு மூன்றடி, நான்கடி இறங்கினால் என்ன ஆகும் என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கியரில் இருந்தால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கை யந்திரம் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல். அழுத்த அழுத்த டிரம் பழுக்கிறது, பிடிமானம் நழுவுகிறது. காற்று பிரேக்குக்குக் காற்றை அடைப்பதும் யந்திரந்தான். மிச்சம் பிடிப்பதாக எண்ணி அதை அணைத்தே விட்டால் காற்றும் தீரும், ஸ்டீரிங்கும் கல்லாகும்.

2020 டிசம்பரில் அந்தக் கணவாயில் ஒரு லாரி, முன்னே நின்ற கார் வரிசையில் பாய்ந்து நால்வர் மாண்டார்கள். 2024 ஜனவரியிலும் அங்கே நால்வர் மாண்டார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் நியூட்ரல்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று டிரைவர்களுக்கு அங்கே எச்சரிக்கை செய்யவேண்டியிருக்கிறது என்பதே போதிய சாட்சி.

டிரைவர்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது நியாயமா? சில முதலாளிகள், நிர்ணயித்த மைலேஜுக்கு ஒரு துளி குறைந்தாலும் டிரைவரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். 2017-இல் மத்திய அரசாங்கமும் 12 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள டீஸல் வண்டிகளுக்கு எரிபொருள் அளவை விதித்தது. அந்தச் சோதனை 40, 60 கிலோமீட்டர் என்ற ஒரே சீரான வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. அங்கே தொப்பூர் வளைவு கிடையாது. ராத்தூக்கமில்லாத கண்கள் கிடையாது. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்ற பயமும் கிடையாது.

டீக்கடையில் அந்தப் பெரியவரிடம் பம்பின் சங்கதியை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் வெகு நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாப்பது வருசமா நான் மிச்சம் பண்ணுனதெல்லாம்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

"ஏறுன கியர்லயே எறங்குன்னு இன்னொரு வாத்தியார் சொன்னாருங்க. பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சோம்" என்றார் அவர். பிறகு எழுந்து, அப்போதுதான் வந்து நின்ற லாரியிலிருந்து குதித்த வாலிபனை நோக்கிப் போனார். "எவ்வளவு கொடுக்குது?" என்றுதான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏந்தம்பி, தொப்பூர்ல எந்தக் கியர்ல எறங்குன?" என்று கேட்டார்.