‘செக்டர்’னா என்ன? மலை மந்திர் முதல் மியூச்சுவல் ஃபண்ட் வரை

டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தால் ‘செக்டர் 7’ என்பீர்கள். வழியில் போனைத் திறந்தால் ‘செக்டர் ஃபண்ட்’ விளம்பரம். சொல் ஒண்ணுதான், பொருள் வேற.

லத்தீனில் இதன் பொருள் ‘வெட்டுபவர்’. எதை, எந்த அளவுகோலில் வெட்டுகிறோம் என்பதுதான் துறைக்குத் துறை மாறுகிறது.

கணிதம்: இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் நடுவே உள்ள வட்டக்கோணப் பகுதி. பீட்சா துண்டு மாதிரி.

நகரம்: எண் போட்டுப் பிரித்த குடியிருப்புப் பகுதி.

ராணுவம்: எல்லையில் ஒரு படைக்குப் பொறுப்பாகத் தரப்படும் பகுதி. உதாரணம், கார்கில் செக்டர்.

கணினி: ஹார்டு டிஸ்க்கில் தரவைச் சேமிக்கும் மிகச் சிறிய அலகு. பழையவற்றில் 512 பைட், புதியவற்றில் பெரும்பாலும் 4,096 பைட்.

பொருளாதாரம்: இங்கேதான் குழப்பம். உரிமையாளர் யார் என்று வெட்டினால் பொதுத்துறை, தனியார் துறை. தொழில் என்ன என்று வெட்டினால் வங்கி, மருந்து, ஐ.டி. எஸ்.பி.ஐ. பொதுத்துறையிலும் வரும், வங்கித் துறையிலும் வரும்.

உங்களுக்கு என்ன?

செபியின் 2017 வகைப்பாட்டின்படி, செக்டர் அல்லது தீம் ஃபண்ட் குறைந்தது 80% பணத்தை அந்தத் துறை அல்லது தீமில் போட வேண்டும். அது சரிந்தால் தப்பிக்க இடம் குறைவு. ஒரு வங்கி ஃபண்டும் ஒரு பொதுத்துறை ஃபண்டும் வாங்கிவிட்டு, ‘பிரிச்சுப் போட்டுட்டேன்’ என்று நினைக்காதீர்கள். ரெண்டிலும் அதே எஸ்.பி.ஐ. பங்கு இருக்கலாம். பெயரைப் பார்க்காமல், ஃபண்ட் நிறுவனம் மாதாமாதம் வெளியிடும் பங்குப் பட்டியலைப் பாருங்கள்.