இருளைக் கடந்த தபாற் பைகள்



கடிதம் ஆகாய மார்க்கமாகச் செல்லத் தொடங்கிய கதையைக் கூறுவோர், முதல் விமானம் புறப்பட்ட நாளையே பெரிதாகக் கூறுவர். ஐக்கிய அமெரிக்காவில் அந்நாள் 1918 மே 15. வாஷிங்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே ஒழுங்கான ஆகாயத் தபாற் சேவை அன்று தொடங்கியது. ஜனாதிபதி வில்சனும் வழியனுப்ப வந்திருந்தார். வடக்கே செல்லவேண்டிய விமானி தெற்கே சென்று, இறங்கிய இடத்தில் விமானத்தையும் சேதப்படுத்திக்கொண்டார்! ஆயினும், அச்சேவையின் விதியை நிர்ணயித்தது அந்தப் பகற்பொழுதன்று. மூன்றாண்டுகளின் பின் வந்த ஓர் இரவே என்பது என் துணிபு.

1920 செப்டெம்பரில் அச்சேவை சான்பிரான்சிஸ்கோ வரை நீண்டது. ஆனால் விமானங்கள் பகலில் மட்டுமே பறந்தன. அந்தி சாய்ந்ததும் தபாற் பைகள் இறக்கப்பட்டுப் புகையிரதத்தில் ஏற்றப்படும். விடிந்ததும் மீண்டும் விமானம். இத்தனை செலவும் உயிராபத்தும் தாங்கியும், புகையிரதத்திலேயே செல்லும் கடிதத்தை ஒரு நாளளவே முந்த முடிந்தது. இதற்கா பொதுப்பணம் என்று கொங்கிரசில் பலர் வினவினர். அவ்வினா நியாயமற்றதென்று கூறிவிட முடியாது.

1921 மார்ச் 4ஆந் திகதி புதிய ஜனாதிபதி பதவியேற்க இருந்தார். அதற்கு முன்னரே இரவிலும் பறக்கலாம் எனக் காட்டிவிட வேண்டுமென, ஆகாயத் தபாலுக்குப் பொறுப்பான ஒட்டோ பிரேகர் உறுதிகொண்டார். பெப்ரவரி 22ஆந் திகதி நியூயோர்க்கிலிருந்து இரண்டும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டுமாக நான்கு விமானங்கள் புறப்பட்டன. நியூயோர்க் விமானங்களுள் ஒன்று பென்சில்வேனியாவோடு நின்றது. மற்றது சிக்காகோவில் பனியால் தடைப்பட்டது. மேற்கிலிருந்து வந்தவற்றுள் ஒன்று நெவாடாவின் எல்கோ நகரில் வீழ்ந்தது; விமானி லூயிஸ் உயிர்நீத்தார். எஞ்சியது ஒன்றே.

விமானத்துக்கு விமானம், கைக்குக் கை மாறி வந்த அத்தபால், இரவு பதினொரு மணியளவில் நெப்ராஸ்காவின் நோர்த் பிளாற் என்னும் ஊரிலிருந்து ஜாக் நைற் என்ற விமானியுடன் புறப்பட்டது. மேலே மூடியற்ற இருக்கை, உறைபனிக் காலம். வழிகாட்டும் கருவி பெரிதாக எதுவுமில்லை. வழிநெடுக ஊர்மக்கள் தீமூட்டி நின்றனர். அவ்வொளியைப் பின்பற்றி, நள்ளிரவுக்குப் பின் ஒமாஹாவை அடைந்தார். அங்கிருந்து தபாலை ஏற்கவேண்டிய விமானியோ பனியினால் சிக்காகோவை விட்டு வரவே இயலவில்லை. நைற் தாமே செல்வதாகக் கூறினார். அப்பாலுள்ள 400 மைலுக்கு மேற்பட்ட வழியில் அவர் ஒருபோதும் பறந்ததில்லை. கையிலிருந்தது ஒரு வீதிப் படம். டி மொயினில் பனி மிகுதியால் இறங்க முடியவில்லை. அயோவா நகரில் எல்லோரும் வீடு சென்றுவிட்டனர்; இயந்திர ஓசை கேட்ட காவலாளி ஒருவர் மட்டும் தீவட்டி கொளுத்தினார். அந்த ஒற்றை வெளிச்சத்தில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, காலை எட்டரை மணிக்குப் பின் சிக்காகோ சேர்ந்தார்.

வேறிரு விமானிகள் கொண்டுசெல்ல, தபால் நியூயோர்க்கை அடைந்தது. புகையிரதத்தில் நான்கு நாட்களுக்கு மேற்பட்ட பயணம், 33 மணி 20 நிமிடத்தில் முடிந்தது. கொங்கிரஸ் 12,50,000 டொலரை ஒதுக்கியது. பத்திரிகைகள் நைற்றைக் கொண்டாடின, அது தகும். ஆயினும் அதே சோதனையில் உயிரிழந்த லூயிசின் பெயரையும் அக்காவலாளியின் செயலையும் பாடநூல்கள் அரிதாகவே சொல்கின்றன.

பின்னர் சிக்காகோவுக்கும் ஷயெனுக்கும் இடையே சுழலும் வெளிச்ச விளக்குகள் நிறுவப்பட்டன. 1924 யூலை 1ஆந் திகதி முதல் இரவுத் தபால் ஒழுங்கான சேவையாயிற்று.