பெயரிலா மாந்தரும் ஏதுக் கூறப்படாப் பேரழிவும்

பேரழிவுக்குப் பின் எஞ்சியோரைப் பொருளாகக் கொண்ட மேனாட்டுப் புனைகதைகளில் அண்மைக் காலத்தே இரு வழக்குகள் வேரூன்றியுள்ளன. ஒன்று மாந்தருக்குப் பெயரிடாமை. மற்றொன்று அழிவின் ஏதுவைக் கூறாமை. கோர்மக் மக்கார்த்தி 2006இல் வெளியிட்ட ‘த றோட்’ என்னும் நாவலிலே, சாம்பல் மூடிய நிலத்தினூடு தென்றிசை நோக்கி நடக்கும் தந்தைக்கும் மகனுக்கும் பெயரில்லை. நிலம் எரிந்த காரணமும் கூறப்படவில்லை. போர்த்துக்கேய எழுத்தாளர் ஜோசே சரமாகோவின் 1995ஆம் ஆண்டு நாவலிலே ஒரு நகரத்தார் காரணமின்றிக் கண்ணொளி இழக்கின்றனர்; மருத்துவர், மருத்துவரின் மனைவி என்றவாறே அவர்கள் சுட்டப்படுகின்றனர். இவ்வகைக்கு முன்னோடியாகிய மேரி ஷெல்லியின் 1826ஆம் ஆண்டு நாவலிலோ, கடைசி மனிதனுக்குப் பெயர் உண்டு. மாந்தரை மாய்த்தது கொள்ளைநோய் என்பதும் தெளிவு.

பெயர் சுட்டாமை தமிழுக்குப் புதிதன்று. அகத்திணைத் தலைமக்கள் பெயர் கொள்ளலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. அங்குப் பெயர் மறைக்கப்படுவது, அவ்வொழுக்கம் யாவர்க்கும் உரியதாதற் பொருட்டு. கடல்கோள் பற்றிய மரபோ இதற்கு நேர்மாறானது. இறையனார் அகப்பொருள் உரை, கடல் பொங்கியது ஏன் என ஆராயாது. ஆயினும் முதற்சங்கத்துப் பாடினோர் 4449 பேர் எனத் தொகை கூறும். அத்தொகையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும், இழந்தோரை எண்ணி வைக்கவேண்டும் என்னும் வேட்கை அதிற் புலனாகின்றது.

புனைகதையாசிரியன் விரும்பி மறைப்பவை, வன்னி நிலத்திலே உண்மையாகவே மறைந்தொழிந்தன. நாயாற்றுக் கடனீரேரிக்கு மேற்கே காட்டினுட் சென்றால் தண்ணிமுறிப்புக் குளமும், அதன் அயலிலே குருந்தூர்மலையின் இடிபாடுகளும் உள. 1679இல் கண்டி அரசிலிருந்து தப்பி, மல்வத்து ஓயாவை அடுத்து அரிப்பு நோக்கிச் சென்ற றொபேட் நொக்ஸ், ஆள் நடமாட்டமற்ற காட்டிடையே செதுக்கிய கற்றூண்கள் நிற்கக் கண்டார். 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலிலும் பாழ்பட்ட குளங்கள் பல இடம்பெறுகின்றன. குளங்கட்டுவித்த மன்னர் சிலர் பெயரை நூல்கள் பேணின. மண் சுமந்தோர் பெயரை எவரும் எழுதிலர்.

அம்மக்கள் நீங்கிய காரணம் யாது? 1215இல் நிகழ்ந்த மாகன் படையெடுப்பே என்பார் ஒரு சாரார். மலேரியா என்பார் மற்றொரு சாரார். 1957இல் இவ்வினாவை ஆராய்ந்த றோட்ஸ் மர்பி ஒற்றைக் காரணத்தோடு அமையவில்லை. 1971இல் பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்த கட்டுரைத் தொகுதியும் இது பற்றியதே. குளங்களைப் பேணும் நிருவாகம் சிதைந்தால் கரை உடையும். தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகும். நோயால் மெலிந்தோர் கரையை மீளக் கட்டார். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இச்சுழற்சி ஏற்புடையதாகவே தோன்றுகின்றது. ஏதுவைக் கூறாது விடும் உரிமை நாவலாசிரியனுக்கு உண்டு. அவ்வாறு விடுங்கால், அழித்தவர் யார் என்னும் வினாவும் உடன் மறைகின்றது. ஆதலின் அவ்வுரிமை வரலாற்றாசிரியனுக்கு இல்லை.

ஏதுத் தெரிந்தவிடத்தும் பெயர் நிலைத்துவிடுவதில்லை. 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோற்றமையை அறிவித்த நடுகல்லிலே, அவன் பெயரும் வென்ற ஆங்கிலப் படைத்தலைவன் பெயருமே பொறிக்கப்பட்டன. அவனோடு நின்றவர் எத்துணையர் என்பது அதில் இல்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் தாக்கியபோது, அதன் மூலம் சுமாத்திரா அருகே எழுந்த நிலநடுக்கம் என அன்றே உலகறிந்தது. இலங்கையில் இறந்தோர் 30,000க்கு மேற்பட்டனர். அவருட் பலர் அடையாளங் காணப்படாமலே விரைந்து புதைக்கப்பட்டனர்.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் 1973இல் வெளிவந்தது. அதன் களம் தண்ணிமுறிப்பு. அதன் தலைவி பதஞ்சலிக்குப் பெயர் உண்டு. காட்டுக்கும் வேட்டைக்கும் வயலுக்கும் அவ்வூரார் வழங்கும் சொற்களும் அதில் உண்டு. பேரழிவைப் பற்றி எழுதும் நோக்கம் ஆசிரியருக்கு இருந்ததில்லை. ஆயினும் 1984 டிசம்பரில், இராணுவ நடவடிக்கைகளின் விளைவாகக் கொக்கிளாய், நாயாறு முதலாய ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற நேர்ந்தபோது தண்ணிமுறிப்பும் வெறுமையாயிற்று. அவ்வூர் வரலாற்றை எழுதப் புகுவோனுக்குக் கேட்டறிய ஆட்கள் இன்னும் உளர். குளத்தை முதலிற் கட்டியோரைப் பற்றி எழுதுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.