கணக்கில் வந்த நேயர்கள், கணக்கில் வராத மக்கள்

1964 மார்ச் 28ஆம் தேதி, இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலிலிருந்து ரேடியோ கரோலைன் ஒலிக்கத் தொடங்கியது. கரையிலிருந்து மூன்று மைல் தாண்டினால் அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தின் கை எட்டாது. பிபிசி இசைத்தட்டுகளை ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒலிபரப்பக் கூடாதென்று இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் இருந்தது. இளைஞர்கள் கேட்க விரும்பிய பாட்டு கடலிலிருந்துதான் வந்தது. அந்தக் கப்பல்களில் பணியாற்றியவர்களும் போர்வைக்குள் வானொலியை வைத்துக் கேட்டவர்களும் சொன்ன நினைவுகள் இன்று ஐரோப்பிய ஒலிபரப்பு வரலாற்றின் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டுவிட்டன. தமிழருக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. அது கப்பலில் நடக்கவில்லை, ஒரு தீவில் நடந்தது. இலங்கை வானொலியைப் பற்றித் தமிழர் சொல்லும் நினைவுகளை வெறும் பழைய பாட்டு ஏக்கமாக ஒதுக்கிவிடாமல், யாரை யார் பொருட்படுத்தினார்கள் என்பதற்கான சான்றாகப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒற்றுமை மேலோட்டமானதன்று. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் நேரம் வெட்டப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமாகும் என்று நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் பாடல் உரிமையை விலக்கிக்கொள்ள, திரையிசை அந்த நிலையங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்தேபோனது. சாஸ்திரிய இசைக்கு அந்த வானொலி செய்த தொண்டை யாரும் மறுக்க முடியாது. ஆனால், தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டி வானொலிப் பெட்டி வைத்திருந்த நேயரிடம் எது வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அமீன் சயானியின் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான பினாகா கீத்மாலா தொடங்கியது. தமிழ்ப் பக்கத்தில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்துத் தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்தது. உரிமக் கட்டணம் டில்லிக்குப் போனது. பெட்டியின் முள் கொழும்பில் நின்றது.

கொழும்புக்கு அந்த வலிமை எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944இல் கண்டியை அடுத்த பேராதனைக்கு வந்தது. ஆசியாவெங்கும் பரவிக்கிடந்த படையினருக்காக ரேடியோ சியாக் என்ற நிலையம் உருவானது. ஏகலையில் 100 கிலோவாட் சிற்றலைக் கருவி நிறுவப்பட்டது. படை கலைந்தபின், 1949இல், அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிறிய தீவுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வலிய ஒலிபரப்பி அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட் வர்த்தக சேவையை 1950இல் தொடக்கிவைத்தார். பணம் தர விளம்பரதாரர்கள் இந்தியாவில் இருந்தார்கள். பாட்டு இந்தியாவில் இருந்தது. கேட்பவரும் அங்கே இருந்தார்கள். நடுவே இருந்த தடையொன்றே இலங்கைக்கு வருமானமானது. பம்பாயில் பதிவான ஒலிநாடாக்கள் விமானமேறிக் கொழும்பு வந்து, வானலையில் ஏறி மீண்டும் பம்பாய்க்கே போயின. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு செல்லும் இந்த வழியைத்தான் பின்னாளில் வடகடலில் நின்ற கப்பல்களும் கண்டுபிடித்தன.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். ரேடியோ கரோலைன் உரிமம் இல்லாதது. இலங்கை வானொலியோ இறைமையுள்ள ஓர் அரசின் நிறுவனம். இரண்டையும் எப்படி ஒரே வரிசையில் நிறுத்துவது? ஒலிபரப்பியவரின் சட்டநிலையைப் பார்த்தால் ஒப்பீடு நிற்காதுதான். கேட்டவர் பக்கம் போய்ப் பார்த்தால் நிற்கும். தன் நாட்டு வானொலி தனக்குத் தகாதது என்று தீர்ப்பளித்த ஒன்றை, எல்லைக்கு வெளியிலிருந்து பெற்றுக்கொண்ட அனுபவம் இரு இடத்திலும் ஒன்றே. விளைவும் ஒன்றே. இந்தியா 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித்பாரதி வானொலிச் சேவையைத் தொடங்கித் திரையிசையைத் திரும்ப அழைத்தது. 1967இல் அதில் விளம்பரத்தையும் அனுமதித்தது. பிரிட்டன் 1967 ஆகஸ்டில் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்திக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை முடக்கியது. செப்டம்பர் 30ஆம் தேதியே பிபிசி ரேடியோ 1ஐத் தொடங்கி, கப்பலில் பேசிய டோனி பிளாக்பர்னையே அதன் முதல் குரலாக்கியது. பெரும்பாலான நேயர்கள் மறியல் செய்யவில்லை. முள்ளைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். அந்தச் சிறு செயலுக்கு அரசுகள் பணிந்தன.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: இதெல்லாம் பற்பசை விற்கும் வணிகம், இதில் மக்களின் குரல் எங்கே? வணிகம்தான். ஆனால், விளம்பரதாரருக்கு நேயரின் எண்ணிக்கை வேண்டியிருந்தது. எண்ணிக்கைக்குக் கடிதம் வேண்டியிருந்தது. கடிதம் வர வேண்டுமானால் எழுதியவரின் பெயரும் ஊரும் காற்றில் ஒலிக்க வேண்டியிருந்தது. நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் இந்தத் தேவையில் வேர்கொண்டவை. அந்தப் பணம் பாட்டோடு நின்றுவிடவும் இல்லை. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர் நாடகங்களும், பி.எச். அப்துல் ஹமீது வளர்த்தெடுத்த 'பாட்டுக்குப் பாட்டு'ம் இந்தச் சூழலில் எழுந்தன. ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்கள் தமிழை மேடைப்பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து விடுவித்து, எதிரே இருக்கும் ஒருவரோடு பேசும் மொழியாக்கினார்கள். விற்பனைக்காகத் தொடங்கிய மரியாதை என்பதால் அது மரியாதை இல்லாமல் போய்விடாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் இந்தியக் கரையிலிருந்து பார்த்த கதை. மாத்தளை மாவட்டத்து யட்டவத்தயிலிருந்து பார்த்தால் கதையின் இன்னொரு முகம் தெரியும். மாத்தளைப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து இந்த மாவட்டத்தினூடாகத்தான் மலையேறினார்கள். அவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது. தமிழக நேயருக்கு இலங்கை வானொலி வெளியே இருந்து வந்த குரல். தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் கேட்டவருக்கு அது தன்னைக் குடிமகனாக ஏற்காத நாட்டின் குரல். மின்சாரமே எட்டாத அந்த அறைகளில் பற்றரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வந்தபோது, வாக்காளர் பட்டியலில் இடமில்லாத மனிதர் நேயர் பட்டியலில் இடம்பிடிக்க முடிந்தது. தோட்டத்தின் பெயரை எழுதி அஞ்சலட்டை போட்டவரிடம் நிலையம் குடியுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. ஒரே அரசின் இரு கைகள் ஒரே மக்களை இப்படி நேரெதிராக நடத்தின.

இதை அரசின் பெருந்தன்மையாகக் கொண்டாடக் கூடாது. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய நாட்டில்தான் தமிழ் வர்த்தக சேவை புகழின் உச்சிக்குப் போனது; அங்கே தமிழ் வாழ்ந்ததற்குக் காரணம் அறிவிப்பாளரின் உழைப்பும் நேயரின் எண்ணிக்கையும். இந்திய விளம்பரப் பணம் விவித்பாரதிக்குத் திரும்பியபோது சேவையும் தேய்ந்தது. கீத்மாலாவே 1989இல் அங்கு போய்விட்டது. சந்தை தரும் மதிப்பு சந்தையோடு போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு சமூகத்துக்கு நேயர் என்ற இடம் போதாது, குடிமக்கள் என்ற இடமும் வேண்டும் என்பதை மலையகத்தின் அனுபவம் வலியோடு காட்டுகிறது.

நினைவுகளை வரலாறாகக் கொள்ளலாமா என்ற ஐயம் கடைசியாக எஞ்சுகிறது. முதுமை இனிமையை மட்டும் வடிகட்டித் தரும். நிகழ்ச்சியின் ஆண்டு மாறும், பாட்டு மாறும். உண்மைதான். ஆகவே நினைவை நினைவால் மட்டும் நிறுவக் கூடாது. கேஸ்கரின் கொள்கை, விவித்பாரதியின் தொடக்கம், ஒப்பந்தத்தின் எண்கள் என்று தாளில் உள்ளவற்றோடு வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால், இந்தத் தாள்களில் ஒன்றும் சொல்லாத சேதி ஒன்று உண்டு: தன் பெயரையும் தன் தோட்டத்தின் பெயரையும் முதன்முறையாகக் காற்றில் கேட்டபோது ஒரு மனிதர் தன்னை என்னவாக உணர்ந்தார் என்பது. அறிவிப்பாளர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்; அப்துல் ஹமீதின் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' அச்சிலேயே கிடைக்கிறது. நேயர்களின் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. யட்டவத்தயிலும் அதுபோன்ற தோட்டப்புற ஊர்களிலும், ஒப்பந்தத்தால் நீலகிரிக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்களிலும் அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது. அவர்களைத் தேடிச் சென்று கேட்டுப் பதிவுசெய்வது வானொலி ரசிகரின் பொழுதுபோக்கு வேலையாகத் தோன்றலாம். குடியுரிமை வரலாற்றை எழுதுபவருக்கு அது தவிர்க்கக் கூடாத கடமை. எண்ணப்படாத மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்ட ஆவணம் அந்த நேயர் கடிதங்கள்தான்.