எடைக்குப் போன ஆயுதசாலை

போகிக்குப் பரண் ஒழிக்கும்போது கொள்ளுத்தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்று வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆளுக்கொரு கதை கிளம்பும். "மகாராஜா கொடுத்தது" என்பார் பாட்டி. "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுடா" என்பார் பெரியப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்! எது உண்மை என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பார்க்க வேண்டியது, மருந்துக்கு நெருப்பு வைக்கும் முறை. எரியும் திரியைக் கொண்டு சுடுவது மிகப் பழைய முறை. சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் அடித்துப் பொறி கிளப்புவது அதற்கு அடுத்தது. செம்பில் செய்த சின்னக் கேப்பை மாட்டிச் சுடுவது, பிரிட்டிஷ் ராணுவத்தில் 1830களின் கடைசியில்தான் பரவத் தொடங்கியது. ஆகவே கேப்பு வைக்கும் துப்பாக்கியைக் காட்டி "ஹைதர் அலி காலத்தது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியைப் பிற்பாடு கேப்புக்கு மாற்றியதும் உண்டு. அதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது முத்திரை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதமானால், பூட்டுத் தகட்டில் இதய வடிவம் ஒன்று இருக்கும். அதற்குள் நான்கு கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து, உச்சியில் 4 போல ஒரு குறி. 1808 முதல் அந்த இடத்தில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்துவிட்டது. குழலில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருந்தால், அது 1813-க்குப் பிந்தியது. ஏனென்றால் அந்தச் சாலை தொடங்கியதே அந்த ஆண்டில்தான்.

இதில் தஞ்சை வட்டாரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காவிரி கடலில் கலக்கும் இந்தச் சின்னக் கரையில் வந்து இறங்காத ஆளே இல்லை. 1620-ல் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தை 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1749-ல் தேவிகோட்டை ஆங்கிலேயருக்கு. ஆகவே இங்கே கிடைக்கும் துப்பாக்கியில் எந்த நாட்டு முத்திரையும் இருக்கலாம். வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தும் பின்னிக் கிடந்தால் அது டச்சுக் கம்பெனி. கப்பலோட்டிய தமிழன் அல்ல!

முத்திரை சொல்வது இவ்வளவுதான்: எங்கே செய்தது, எப்போது செய்தது. யார் கையில் இருந்தது, எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்பதை முத்திரை சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும். இங்கேதான் தஞ்சாவூரின் சோகக் கதை வருகிறது.

நாயக்கர், மராட்டியர் என்று இரண்டு அரச வம்சங்கள் சேர்த்து வைத்த ஆயுதசாலை தஞ்சை அரண்மனையில் இருந்தது. 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜ்யம் எங்களுடையது என்றது கம்பெனி. ராஜ்யத்தோடு அரண்மனையின் தனிச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சி பாயி சும்மா இருக்கவில்லை. கணவரின் சொத்துக்கு வாரிசு நான் என்று வழக்குப் போட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். ஆனால் லண்டன் பிரிவி கவுன்சில் 1859-ல் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இது அரசின் செயல், இதில் நியாயம் அநியாயம் பார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்பதுதான் காரணம். சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. பிறகு 1862-ல் அரசாங்கமே மனமிரங்கித் தனிச் சொத்தை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

ஆயுதங்களின் கதி வேறு. 1863-ல் அவை வண்டியேறித் திருச்சிக்குப் போயின. பிரித்துப் பார்த்து நல்லதாகத் தோன்றிய சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்து வைத்தார்கள். மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதை எழுதி வைத்திராவிட்டால், இப்படி ஒன்று நடந்ததே பலருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

எடைக்குப் போடும்போது யாரும் பொருளின் வரலாற்றைக் கணக்கில் எழுதுவதில்லை. எந்த வாள் எந்த மன்னருடையது, எது போரில் வந்தது, எது பரிசாக வந்தது என்பதெல்லாம் இரும்போடு போயிற்று. தப்பிய ஆயுதங்களை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். யானை அங்குசம், கட்டாரி, ஈட்டி என்று அழகழகாக இருக்கின்றன. சில கட்டாரிகளில் பிடி நம் ஊர் வேலை, அலகு ஐரோப்பாவில் அடித்தது. பொருளே பேசுகிறது. ஆனால் பிடித்திருந்த கை யாருடையது என்று சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் திப்பு சுல்தான். அவருடைய துப்பாக்கிகளில் புலி வரிக் குறியும், அவரே உருவாக்கிய ஆண்டுக் கணக்கும் இருக்கும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடந்தவற்றை எடுத்துப்போன கம்பெனி அதிகாரி ஒருவரின் சந்ததியார் வீட்டில் சில பொருட்கள் இருந்தன. 2019-ல் இங்கிலாந்தில் ஏலம் விட்டபோது அவை ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. தங்கத்துக்காக மட்டும் வந்த விலை அல்ல அது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்ததற்கும் சேர்த்து வந்த விலை.

ஆகவே பெட்டியில் துப்பாக்கி கிடைத்தால் விசையை இழுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே மருந்து கிட்டித்திருக்கலாம். புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது, முத்திரை போய்விடும். சட்டத்தையும் மறக்கக் கூடாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருகிறது. சுடும் நிலையில் இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டதை வெளிநாட்டுக்கு விற்கவும் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

கடைசியாக ஒன்று. பாட்டி சொன்ன கதையையும் பெரியப்பா சொன்ன கதையையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அதே பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று தப்பாகவே இருக்கட்டும், பரவாயில்லை. தஞ்சை ஆயுதசாலையில் அப்படி ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டி வைக்கப்படாமல்தான் எத்தனையோ வாள்கள் வெறும் இரும்பாகிப் போயின.